ரெண்டு சேர்ந்து, ஒண்ணு தனியா

"யோவ் நண்டு, அந்த மணி அடிக்கிற வரியைத் தூக்கப் போறேன்!"

"தம்பி, அதுல மட்டும் கை வெச்சே..."

"வேலை முடிஞ்சா டிங் டிங்னு கத்தறதுக்கு மூணு வரியா? யாருக்கய்யா வேணும்?"

"எனக்கு வேணும். ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல உக்காந்திருக்கிற ஆள் இல்ல நான். எழுந்து போவேன், வருவேன். காதுல விழணும். ரெண்டு சேர்ந்து, ஒரு மூச்சு விட்டு ஒண்ணு. அப்பதான் அது என் மணி."

வாய்ச்சண்டை இல்லை. கணினித் திரையில் நடந்த சண்டை. ஒருவர் தட்டி முடிப்பதற்குள் மற்றவர் பதில் வந்து விழும்.

இரத்த வங்கிகளுக்காக இணையத்தில் இயங்கும் தன்னார்வக் குழு ஒன்றில் அவளுக்குப் புனைபெயர் ஆமை. எதிராளி நண்டு. ஒரு வருடமாகத் தினமும் மல்லுக்கட்டு. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. பதினோரு இரத்த வங்கிகளில் எந்த வகை இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை அலுவலக நாட்களில் பகல் பன்னிரண்டுக்கு மருத்துவமனைகளுக்கு அனுப்ப ஒரு ஃபங்ஷன், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதை எழுதியது நண்டு.

குழுவின் பழைய கணினி நேற்று உயிரை விட்டது. எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே நுழைந்து வேலை செய்ய இரவலாக வந்த கணினியில் வேறு ஷெல். பழையதை அதில் ஏற்ற அனுமதி இல்லை. கணினிக்குக் கட்டளை சொல்கிற இந்த ஷெல்களில் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. நண்டின் அறுபத்து மூன்று வரிகளையும் புது ஷெல்லுக்கு மாற்றும் வேலை ஆமையின் தலையில்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டுக்குப் பட்டியல் போகாவிட்டால் இரத்தம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் யாரோ அலைய வேண்டியிருக்கும்.

"முடிச்சிட்டேன் பெரிசு! உன் அறுபத்து மூணு எங்கே, என் பத்தொன்பது எங்கே! மணியும் காலி."

"ஓட்டிப் பாரு. அப்புறம் காலரைத் தூக்கிக்கலாம்."

ஓட்டினாள். முதல் வரி வெறுமையாக வந்தது. அதன் கீழே பத்து வங்கிகள். பதினோராவதைக் காணோம்.

"பெரிசு, உன்னுதுல எங்கேயோ ஓட்டை."

"ஒன்பது வருஷம் ஒழுகாத ஓட்டை இன்னிக்குப் பார்த்து ஒழுகுதாக்கும்? அனுப்பி வை. இரு, வந்துடறேன்."

அனுப்பினாள். அவ்வளவுதான், ஆள் இல்லை.

"இந்த நேரத்துல எங்கேய்யா போய்த் தொலைஞ்சே!" அவள் வாய்விட்டே கத்திவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் வந்தார், கையில் வெந்நீர்ப் பையோடு. நேற்று மாலை படியில் இவள் கால் பிசகிக்கொண்டது. அதனால்தான் இன்று அலுவலகம் போகவில்லை.

"யாரும்மா, சண்டையா?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஒரு கிறுக்கு மனுஷன்."

"காலை நீட்டு. வலி தேவலையா?"

"பரவாயில்ல அத்தை."

பேச்சு தீர்ந்தது. இரண்டு வருடமாக இருவருக்கும் இடையில் ஓடுவது இவ்வளவுதான். சாப்டியாம்மா, சாப்டேன் அத்தை. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் சீட்டு விளையாடுகிறார் என்று இவள் கணவன் சொல்வான்.

மாமியார் போய்ச் சிறிது நேரத்தில் திரையில் எழுத்து ஓடியது.

"தம்பி, பூஜ்யத்தை அப்படியே விட்டுட்டியே! என் ஷெல் பூஜ்யத்துல இருந்து எண்ணும், உன்னுது ஒண்ணுல இருந்து. பூஜ்யத்துல ஆரம்பிச்சா முதல் இடம் காலி, கடைசி ஆள் வெளியே. 'உங்க வீட்ல தலைப்பிள்ளைக்கு பூஜ்யமாவது பிள்ளைன்னா பேரு?'ன்னு போன வாரம் என்னைக் கேட்டது யாரு?"

அவளுக்குக் காது சூடானது. பிறகு தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. இந்த ஆளோடு சண்டை போடவே ஒரு தகுதி வேண்டும் என்று நேற்றுகூடக் கணவனிடம் அளந்திருந்தாள்.

பூஜ்யத்தை ஒன்றாக்கினாள். கடைசியையும் ஒன்று தள்ளி வைத்தாள். ஓட்டவில்லை. கொஞ்சம் யோசித்து இன்னும் மூன்று வரிகளைச் சேர்த்தாள்.

"பெரிசு, நீங்களே ஓட்டுங்க. ஒன்பது வருஷம் உங்க கையால போனது. இன்னிக்கும் உங்க கையாலயே போகட்டும்."

"என்ன திடீர்னு நீங்க, வாங்க? மணி?"

"ஓட்டித்தான் பாருங்களேன்."

பதினொன்று ஐம்பத்தெட்டு. அவள் நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள்.

டிங், டிங்.

ஒரு மூச்சு.

டிங்.

அவள் கணினி வாயே திறக்கவில்லை. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

திரையில் நண்டு எழுதியது: "பதினொண்ணும் போயிடுச்சு தம்பி! மணியும் அடிச்சுது! இதை நான் யாரையும் தொட விட்டதில்ல. தொட்டவன் நீன்னு நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லிப்பேன்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். வெந்நீர்ப் பையைத் தள்ளி வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டிப் போய், சாத்தியிருந்த பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

"அத்தை, நான் தம்பி இல்ல."