சர்வருக்கு ஒரு பூப்போட்ட உறை

வீட்டுப் படங்களையெல்லாம் சேமித்து வைத்திருந்த கிழட்டு சர்வர் கணினி, அன்றும் பாதியில் அணைந்து தானே எழுந்தது.

"மறுபடியும் மயக்கமா? இன்னொரு தடவை விழுந்தா பழைய இரும்புக் கடைதான்னு ஐயா சொல்லிட்டார். நல்லவேளை, போர்த்திக் காப்பாத்த நான் இருக்கேன்," என்றது அதன்மேல் கிடந்த பூப்போட்ட உறை.

"தாயே, சூடு தாங்கலை. கொஞ்சம் விலகேன், மூச்சு விட்டுக்கறேன்."

"விலகினா, தூசியை உன் மாமியாரா வந்து தடுப்பா?"

மறுநாள் உறையைத் துவைத்து, கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்தினார்கள். அது காயும்வரை சர்வர் ஒரு தடவைகூட விழவில்லை.

மொடமொடவென்று திரும்பி வந்த உறைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா! இத்தனை நாள் நான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டதுக்குப் பலன்!" என்று இன்னும் இறுக்கிப் போர்த்தியது.

சர்வர் பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் அணைந்துவிட்டது.