இமையில் வைத்த முட்டை

முட்டையை எடுத்து இடது கண்ணின் இமைமேல் வைத்தாள்.

குளிர்ந்திருந்தது.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. குஞ்சு பொரிக்கும் பெட்டியின் திருகை இன்னும் ஒரு கோடு ஏற்றினாள்.

சூட்டைக் காட்டும் எண்ணை அவள் பார்ப்பதில்லை. போன தடவை அது முப்பத்தேழரை, முப்பத்தேழரை என்று காட்டிக்கொண்டே இருந்து, அறுபது முட்டையையும் கூழாக்கிவிட்டது. புதிய மீட்டர் வாங்கிப் பொருத்திய பிறகும் நம்பிக்கை வரவில்லை. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன்மேல் ஒட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து இமைதான்.

இன்று இருபதாம் நாள். நாளை ஓடு உடைய வேண்டும்.

உள்ளே இருப்பவை முத்துரத்தினத்தின் முட்டைகள், முப்பத்திரண்டு. பொரித்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மறுவாரமே வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து அவர் பட்டியில் ஒரு கோழி மிஞ்சவில்லை. ஊரெல்லாம் விலை கேட்டும் கொடுக்காத கீரிச் சேவலும் போயிற்று. அந்த வம்சத்தில் இனி இருப்பது இந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

பதினோரு மணிக்கு அவரே வந்தார். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவள் சிரிக்கவில்லை. பெட்டி காலையிலிருந்து சூடு பிடிக்கவே மாட்டேன் என்கிறது, மூன்று தடவை ஏற்றியாகிவிட்டது என்று சொல்லி, ஒரு முட்டையை எடுத்து நீட்டினாள்.

அவரும் இமையில்தான் வைத்துப் பார்த்தார்.

திருப்பிக் கொடுக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. சித்திரை வெயிலில், சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"முட்டை சுடுதுங்க அம்மிணி. உங்களுக்குத்தான் காச்சலாட்ட இருக்குது."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கையும் அதே சூட்டில் இருந்தது.

காலண்டர் தாளை உரித்தாள்.

முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது. முப்பத்தேழரையில் நிற்க வேண்டியது.

திருகைப் பழைய கோட்டுக்கு இறக்கினாள். மூடியைத் திறந்து வைத்தாள். ஆறு மணியிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

உயிர் இருந்தால் இருபதாம் நாள் சத்தம் கேட்கும். குஞ்சு உள்ளிருந்து கொத்தும்.

ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள்.

டொக். டொக். டொக்.

முட்டையைக் கீழே வைத்தாள்.

சத்தம் நிற்கவில்லை. காய்ச்சல்தான் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க பாருங்ணா" என்றாள்.

அவர் தன் கையிலிருந்த முட்டையைக் காதோடு ஒட்டி வைத்தார். கண்ணை மூடினார். பெட்டியை நிறுத்தச் சொல்லி மற்றக் கையால் காட்டினார்.

இருபது நாளாக அணைக்காத சுவிட்சை அணைத்தாள். உள்ளே விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது.

அவர் முட்டையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.