மூக்குப் புட்டி

தண்ணீர் விழுந்த இடம் மணலில் கறுப்பாகத் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேறெங்கும் ஈரம் இல்லாததால் அதை மறைக்கவும் வழியில்லை.

மேடம் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

அவள் பயிற்சிக்கு வந்த முதல் நாள். வெயில்கூட இன்னும் முழுதாக ஏறவில்லை. அதற்குள் வேண்டிய மட்டும் கெடுத்துக்கொண்டாயிற்று.

மழை எப்போதோ ஒருமுறை தலையைக் காட்டிவிட்டுப் போகிற பாலைவனம் அது. அந்த மழைக்கு முளைத்த நாற்றுகளில் எது தாங்குகிறது, எது காய்ந்துபோகிறது என்று கவனிப்பதுதான் வேலை. மணலில் இரும்புச் சட்டங்களைச் சதுரம் சதுரமாகப் பதித்து, உள்ளே ஒவ்வொரு நாற்றுக்கும் பக்கத்தில் ஒரு தகர வில்லை குத்தியிருந்தார்கள். பார்க்கலாம், அளக்கலாம். வேறு ஒன்றும் செய்யக் கூடாது. மேடம் இதை வண்டியிலேயே சொல்லிவிட்டார். அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

கைதான் கேட்கவில்லை.

இலை சுருங்கி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது ஒரு நாற்று. அதைப் பார்த்ததும் பையிலிருந்த புட்டியை எடுத்துவிட்டாள். மூடியில் இருக்கும் சின்னத் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, விட்டு விட்டுத் திறந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அப்பாவுக்கு ஊற்றியதைப் போலவே.

அது அப்பாவின் புட்டி. படுத்தபடியே குடிப்பதற்கு வளைந்த மூக்கு வைத்தது. கூட வந்த பிள்ளைகள் வழியெல்லாம் அதைப் 'பால்புட்டி' என்று சொல்லி ஒரே சிரிப்பு. எல்லாம் கல்லூரியிலிருந்து சுடச்சுட இறங்கியவை. அவளைப் பெரியம்மா என்று கூப்பிடாத குறைதான். இவர்கள் வயதில் அவள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் படிப்பை முடித்த கையோடு அப்பா படுத்துவிட்டார். சின்னவளான அவள் வீட்டோடு இருந்தாள். மூத்தவள் இந்தப் புட்டியைப் பார்சலில் அனுப்பினாள். எப்படிப் பிடிப்பது என்று கூட ஒரு வார்த்தை இல்லை. துளையை அடைக்காமல் சாய்த்தால் குபுக்கென்று கொட்டும், அப்பாவுக்குப் புரையேறும். எத்தனையோ தலையணை நனைந்த பிறகுதான் அந்தக் கட்டைவிரல் வித்தை அவளுக்குப் பிடிபட்டது.

மூத்தவள் வரவேயில்லை. அப்பா வாசலைப் பார்த்துப் பார்த்தே கண்ணை மூடினார்.

இத்தனை வருடம் வீட்டில் கிடந்தவளுக்கு இந்தப் பயிற்சியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் வண்டி ஏறியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

மேடம் வந்து நின்றார். ஈரத்தைப் பார்த்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"இது பொழைக்குதா சாகுதான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம், பாவம் பாக்க இல்ல. செத்தா செத்துச்சுன்னு குறிச்சுக்கணும். அவ்வளவுதான்."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து வேறு ஒன்று கிளம்பி வந்தது.

"அப்பாவையும் அப்படித்தான் குறிச்சுக்கிட்டியா அக்கா?"

இருமல் நின்றது. பிள்ளைகள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூக்கும் நெற்றியும் ஒரே அச்சு என்பது இப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக்கு வந்த இடத்தில் அக்கா என்று கூப்பிடக் கூடாது, எல்லோருக்கும் மேடம் என்றால் உனக்கும் மேடம்தான் என்று போனில் கறாராகப் பேசித்தான் அக்கா இந்த இடத்தைக் கொடுத்திருந்தாள். போச்சு. எல்லாம் போச்சு. போனால் போகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சட்டத்துக்குப் போகச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள். ஈரம் பட்ட சட்டம் இனி எதற்கும் ஆகாது. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பிறகு அக்கா கையை நீட்டிப் புட்டியை வாங்கினாள். தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்தாள் சின்னவள். எறியட்டும். கேட்பதற்கு இன்னும் நாலு கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

அக்கா நாற்றின் பக்கத்தில் மணலில் மண்டியிட்டாள். புட்டியைச் சாய்த்தாள்.

தண்ணீர் கொட்டவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அவள் அக்காவின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் மூடியின் துளைமேல் இருந்தது. தேடாமல், தடவாமல், அதுவாகவே போய் உட்கார்ந்திருந்தது.

முதல் தடவை பிடிக்கிற யாருக்கும் அப்படி வராது. பார்சல் கட்டுவதற்கு முன்னால் எங்கேயோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, சாய்த்துச் சாய்த்துப் பழகியிருக்கிறாள். அப்பாவிடம் வருவதற்குத்தான் பழகியிருக்கிறாள். அப்புறம் புட்டியை மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது.

யாராக இருந்தாலும் மனசு இளகியிருக்கும். சின்னவளுக்கு அப்போதுதான் கோபம் தலைக்கு ஏறியது. வரவே தோன்றாதவள் என்று நினைத்து ஒருமாதிரி பொறுத்துக்கொண்டிருந்தாள். வரத் தோன்றியும் வராமல் இருந்திருக்கிறாள்.

குனிந்து, அந்தக் கட்டைவிரலை விலக்கி, புட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அதில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது; அதை ஊற்ற அக்காவை அவள் விடுவதாக இல்லை.