மாடியில் மூன்றாவது செடி

“இதென்ன விதைடா மகன்?”

“பேர் கேக்காதீங்க உம்மா. போன ரெண்டு இனமும் சுருக்காப் பிடிபட்டுட்டு. இது கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும்.”

“திரும்பப் பொலிசு வந்தா? கஞ்சாக்காரன் எண்டு பேரெடுத்தா எந்தப் பொண்ணு ஊட்டார் உன்ன மாப்பிள்ள கேட்டு வருவாங்க?”

விதை போட்ட அன்று உம்மா ஹாஜறா புலம்பியது, வாசலில் ஜீப் வந்து நின்றபோது ஜுனைட்டுக்கு நினைவு வந்தது.

மருதமுனையில் அந்த வீட்டு மாடிக்குப் பொலிஸ் ஏறுவது இது மூன்றாம் தடவை. கஞ்சா வளர்ப்பதாக யாரோ போனில் துப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை அகப்பட்டது, கஞ்சாவைப் போலவே இலை விரிந்த மரவள்ளி. அடுத்த தடவை வேளைக்கீரை.

“ரெண்டு தரமும் எங்களுக்குப் போக்குக் காட்டினாய் என்ன?” சார்ஜன்ட் புண்ணியமூர்த்தி செடிகளைச் சுற்றி வந்தார். “இந்தமுறை அசல் சாமான். ஆளுயரம், விரல் விரலா இலை. உள்ளுக்குத்தான் தம்பி!”

ஜுனைட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. புதுச் சேர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டது. பூசியிருந்த அத்தர் மாடி முழுக்க மணந்தது.

செடியை அடையாளம் காட்ட வழமைபோல் அழைத்து வரப்பட்டிருந்த விவசாயப் போதனாசிரியை றாஹிலா, குனிந்து தண்டைத் தடவினாள். முகர்ந்தாள். நெடுநேரம் யோசித்து, ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

“மிஸ்!” சார்ஜன்ட் பதறிப்போனார்.

“புளிக்குது சேர். புளிச்சக்கீரை. பருப்புப் போட்டு ஆக்கினா நல்லாரிக்கும்.”

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“எங்களுக்குப் போன் எடுத்துச் சொல்றது எந்தக் கழுதையோ தெரியா. ஒவ்வொரு முறையும், ‘விவசாய மிஸ்ஸையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க’ எண்டு புத்தி வேற சொல்றான்!”

முணுமுணுத்தபடியே அவர் படியிறங்கினார்.

றாஹிலா மெல்லத் திரும்பினாள். ஜுனைட் செடிகளை விட்டுவிட்டு வெறும் சீமெந்துத் தரைக்கு மும்முரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மரவள்ளி நாளிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை அவள் கேட்டே விட்டாள்.

“இனிப் பொலிசுக்குப் போன் எடுக்காதீங்க. வாற வெள்ளிக்கிழமை உங்கள மாப்பிள்ள கேட்டு எங்கட வாப்பாவ அனுப்பட்டுமா?”