அசையாத கல்

"அந்த எல்லைக் கல்லு ஒரு இஞ்சுகூட அசையலீங்க மேடம். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்" என்றாள் தீர்த்தம்மாள்.

நில அளவை அலுவலகத்தில் சுகுணா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே மாதையன், மடியில் வனத்துறை நோட்டீஸுடன் உட்கார்ந்திருந்தார். சித்தேரியில் அவர் வீடு காட்டுக்குள் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

"சாட்சிக்கு வந்தவ நானே பேசறேன், நீ வாயத் தொறக்க மாட்டேங்கறியே அண்ணே!" தீர்த்தம்மாள் அவரை இடித்தாள். "கல்லுக்கு மேற்க என் கொல்லை நெலங்க. கிழக்க அண்ணனோட கொல்லை, வூடு. அதத் தாண்டித்தான் காடு."

"பழைய வரைபடம் ஒரு கணக்குல போட்டது. சேட்டிலைட் படம் வேற கணக்கு" என்றாள் சுகுணா. "ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஊரே நூறு மீட்டர் தள்ளி நிக்குது. ரெண்டுலயும் இருக்கற ஏதாவது ஒண்ணப் புடிச்சு ஒட்டினாத்தான் மத்தது சரியா உக்காரும். அங்க மிச்சமிருக்கறது அந்தக் கல்லு ஒண்ணுதான். காலையில அளந்துட்டு வந்துட்டேன்."

"ஒட்டுங்க மேடம்."

வரைபடம் முழுவதும் கிழக்கே நகர்ந்தது. காட்டெல்லையின் பச்சைக் கோடு மாதையனின் வீட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது.

"பாதி வூடு காட்டுக்குள்ளதாங்க வருது." சுகுணாவின் குரல் இறங்கியது. "கல்லு இன்னும் கொஞ்சம் கிழக்க இருந்திருந்தா கோடும் கிழக்க போயிருக்கும். வூடு தப்பிச்சிருக்கும்."

"இருந்தாத்தானே! என் வூட்டுக்காரர் செத்தப்ப ஆறு மாசம் கடத்தூர்ல அம்மா வூட்ல இருந்தேன். அது தவிர தெனமும் அந்தக் கல்லு மேலதான் சோத்துத் தூக்குச்சட்டிய வெக்கறேன். எனக்குத் தெரியாதா?"

மாதையன் நோட்டீஸை நான்காக மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"கல்லப் பதினஞ்சு அடி கிழக்க போட்டுப் பாரும்மா."

சுகுணா போட்டாள். கோடு வீட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"வூடு தப்பிக்குதுங்க. ஆனா கல்லு அங்க இல்லையேங்கய்யா?"

மாதையன் தீர்த்தம்மாளின் பக்கம் திரும்பவில்லை.

"இருந்துச்சும்மா. தீர்த்தம்மா கடத்தூர் போற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு."