காகிதத்தில் மட்டும்

கணவனுடைய பூட்ஸை நிலக்கரித் தொட்டிக்குள் திணித்து மூடிய கையோடு ராய்குல் கதவைத் திறந்தாள். வாசலில் கன்ஷாயிம் நின்றிருந்தாள். கிராம அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்.

“வருஷா வருஷம் நடக்குற சோதனைதான்க்கா, ரெண்டு நிமிஷம். வீட்டுல யார் யாரு இருக்கீங்க?”

“நானும் மூணு பிள்ளைங்களும்தான்.”

“அந்த மனுஷன் எட்டிக்கூடப் பாக்குறதில்லையா?”

“வந்தா காலை ஒடிச்சிடுவேன். எங்க கிடக்கானோ, யாரோட கிடக்கானோ!”

அந்த மனுஷன் மாட்டுக் கொட்டகைப் பரணில், காய்ந்த புல்லுக்குள், தும்மலை அடக்கிக்கொண்டு கிடந்தான். கன்ஷாயிம் பால் தேநீர் குடித்து, எண்ணெயில் பொரித்த இரண்டு பவுர்சாக் உருண்டைகளைத் தின்று, ‘கணவர் உடன் இல்லை’ என்று கைக்கணினியில் தட்டிக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது ராய்குலின் தோளைத் தொட்டு, “ஒத்தையா நின்னு மூணு பிள்ளைங்களை வளக்குறீங்க, பெரிய விஷயம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். ராய்குலுக்கு அது முள்ளாகத் தைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கணவன் துலேகென் சொன்ன யோசனை இது. அவனுக்கு அத்திராவ் எண்ணெய் வயலில் பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் ஓய்வு. அவன் சம்பளம் குடும்பக் கணக்கில் இருக்கும்வரை அரசாங்க உதவிப் பட்டியலில் இடம் கிடையாது. “காகிதத்துல மட்டும் பிரிஞ்சுக்குவோம். ஊர்ல பாதிப் பேர் பண்றதுதானே?” என்றான். பிரிந்துகொண்டார்கள்.

மறுமாதமே அவள் கைப்பேசிக்கு வவுச்சர்கள் வரத் தொடங்கிவிட்டன. மாவுக்கு ஒன்று, நிலக்கரிக்கு ஒன்று, பிள்ளைகளின் காலணிக்கு ஒன்று. பணமாக மாற்ற முடியாது. கடையில் அவள் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். ஒவ்வொரு முறை முகத்தைக் காட்டும்போதும் அவளுக்குக் கூசியது.

துலேகென் பரணிலிருந்து இறங்கி வந்து தலையை உதறினான். “என்னமாத் திட்டுற! கேட்டுட்டிருந்த எனக்கே அந்த ஆளு மேல கோவம் வந்துச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “போதும் துலேகென். மறுபடியும் பதிவு பண்ணிக்கலாம். இந்தப் பொய்யைச் சுமக்க என்னால முடியல.”

“அவசரப்படாத. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்.”

போன வருடமும் இதையேதான் சொன்னான்.

“காலணி வவுச்சர் வேற என்னென்னவோ எண் கேக்குது,” என்று அவள் கைப்பேசியை நீட்டினாள். அவன் வாங்கி நாலு தட்டுத் தட்டினான். “இவ்வளவுதான். பிறப்புச் சான்று எண்ணெல்லாம் கைக்குழந்தைப் பால்மாவு வவுச்சருக்குத்தான் கேக்கும், இதுக்கு வேண்டாம்.”

“உனக்கு எப்படி இதெல்லாம் தெரியுது?”

“வேலை இடத்துல பேசிக்குவாங்க” என்றவன், தொட்டியிலிருந்து பூட்ஸை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினான். அவர்களுடைய கடைசிப் பெண் நுரிலாவுக்கு எட்டு வயது.

மறுநாள் ராய்குல் நுரிலாவைக் கடைக்குக் கூட்டிப் போனாள். பனிக்காலக் காலணியை அவள் காலில் போட்டுவிட்ட கடைக்காரர், “அடேயப்பா, எவ்ளோ பெரிய கால்! அப்பா மாதிரியோ?” என்று குழந்தையைச் சீண்டினார்.

“எங்களுக்கு அப்பா கிடையாது” என்று நுரிலா பட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.

ராய்குல் மகளின் காலிலிருந்து காலணியைக் கழற்றினாள். திருட்டு மாவில் சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்த பிள்ளை, இப்போது பொய்யையும் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது யார்? அவள்தான். காலணியை வாங்காமலே மகளை வீட்டில் விட்டுவிட்டு நேரே கிராம அலுவலகத்துக்கு நடந்தாள்.

“கன்ஷாயிம், என் வவுச்சரையெல்லாம் நிறுத்திடும்மா” என்றாள் மூச்சு வாங்க. “வாங்குனதைத் திருப்பிக் கட்டச் சொன்னாலும் கட்டுறேன், வழக்குப் போட்டாலும் சரி. நாங்க பிரியவே இல்ல. நேத்து நீ வந்தப்போகூட அவரு பரண்லதான் ஒளிஞ்சிருந்தாரு. மூணு வருஷமா உங்க எல்லாரையும் ஏமாத்துறேன்.”

கன்ஷாயிம் திகைத்துப்போய்ப் பார்த்தாள். ஆனால் திட்டவில்லை. “நீங்களா வந்து சொல்லிட்டீங்கல்ல, வழக்கெல்லாம் வராது. இருங்க, முதல்ல அவரை உங்க குடும்பத்துல சேர்த்துடுறேன். அவரு அடையாள எண் சொல்லுங்க.”

ராய்குல் மனப்பாடமாகச் சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு உடம்பு லேசானதுபோல் இருந்தது. துலேகென் இரண்டு நாள் கத்துவான், அப்புறம் சரியாகிவிடுவான். நுரிலா யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம்.

கன்ஷாயிம் எண்ணைத் தட்டினாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை தட்டினாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, தன் நாற்காலிக்குப் போகாமல் ராய்குலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எழுதிக்கோம்மா, தப்பு எம்மேலதான். பொய் சொன்னது நான்தான்.”

“நீங்க பொய்யே சொல்லலக்கா. அவருக்கு அத்திராவ்ல கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷமாச்சு.”