டி-யில் போடாதே

"டி-யில மட்டும் போட்றாத ஹபீபு. மேனுவல்லயே ஓட்டு. இன்னிக்கு இந்த வண்டி வித்துப் போகலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்."

பழைய கார் விற்கும் மருதுபாண்டி குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மூன்று வருஷமாக அவரிடம் டிரைவராக இருக்கும் ஹபீப் ரகுமான் வழக்கம்போலத் தலையாட்டினார்.

வண்டி ஆட்டோமேட்டிக். கியரை அதுவே மாற்றிக்கொள்ளட்டும் என்று டி-யில் விட்டால், ரெண்டிலிருந்து மூணுக்குப் போகும்போது குலுங்கும், இழுவை போய் நடுரோட்டில் நின்றுவிடும். மேனுவலில் போட்டு, கியர் மாற்றும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் ஒன்றும் தெரியாது. அந்த வித்தை ஹபீப்புக்குத் தண்ணி பட்ட பாடு.

வாங்க வந்தவர் துர்காதேவி டீச்சர். ஒரு விபத்துக்குப் பிறகு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது. எம்.ரெட்டியபட்டி பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ் படி ஏறுவதும் பெரும்பாடு. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கேட்டார்.

டீச்சர் முன்சீட்டில், மருதுபாண்டி பின்சீட்டில். பாளையம்பட்டி தாண்டி வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

ஏன் கையால் கியர் மாற்றுகிறார் என்று டீச்சர் கேட்டதும் ஹபீப்புக்கு உள்ளங்கை வேர்த்தது. இப்படி ஓட்டினால்தான் மைலேஜ் கிடைக்கும், இஞ்சினுக்கும் நல்லது என்று மருதுபாண்டி பின்னாலிருந்து அளந்துவிட்டார்.

டீச்சர் ஹபீப்பின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. லாரி போற ரோட்டுல தெனமும் தனியா ஓட்டப்போறேன். நம்பி வாங்கலாமா?"

கண்ணாடியில் மருதுபாண்டியின் கண்கள் அவரையே முறைத்துக்கொண்டிருந்தன.

"தாராளமா வாங்கலாம் டீச்சர்."

டீச்சர் அட்வான்ஸ் அனுப்பக் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஹபீப்பின் கை நழுவியது. லீவர் டி-க்குப் போய்விட்டது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, நாலடி உருண்டு, அப்படியே நின்றது.

டீச்சர் போனை மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

மருதுபாண்டி ரோடு என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"மூணு வருசமா ஓட்டுறியே, எது டி, எது மேனுவல்னு தெரியாது? சாவியக் குடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரு."

"கை தவறிருச்சுண்ணே."

சாவியைக் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்தார் ஹபீப்.

அவர் போவதைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நம்பிக் கேட்டவளிடம் வாய் கூசாமல் பொய் சொன்ன ஆள். வேலை போனது சரிதான். ஏதோ புண்ணியத்துக்குக் கை தவறியது, இல்லாவிட்டால் நம் கதி?

அந்த வழியாக வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். கம்பியைப் பிடித்து, இடது காலை இழுத்து, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பிய பிறகுதான், போனை எடுத்தபோது காதில் விழுந்த டிக் டிக் சத்தம் நினைவுக்கு வந்தது.

கை தவறுவதற்கு முன்னாலேயே அந்த மனுஷர் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ரோட்டோரம் கொண்டுவந்திருந்தார்.